பல் டாக்டர் மீது எடுத்த நடவடிக்கை நமக்குத் தெரிய வேண்டாமா? மூன்று நாட்டு வழிகளும் நாம் எடுக்க வேண்டிய முடிவும்

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பல் போய் மூன்று வருஷம் ஆகிறது. கழற்றி மாட்டும் பல் செட் அவருக்கு ஒத்துவரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அதனால் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துவிடலாம் என்று முடிவானது. திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்துக்குள் நான்கு பல் கிளினிக்குகள். எல்லாவற்றுக்கும் கூகுளில் நாலரை நட்சத்திரத்துக்கு மேல். எதற்குப் போவது?

மெல்போர்னில் இருக்கும் தம்பி வீடியோ காலில் வந்தான். "அக்கா, அந்த டாக்டர் மேல நடவடிக்கை ஏதாவது இருக்கான்னு பார்த்தியா?" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் தன் பல் டாக்டரின் பெயரைத் தட்டித் திரையைக் காட்டினான். பெயர், பதிவு எண், என்ன வகைப் பதிவு, எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் வந்தன. அதற்குக் கீழே நிபந்தனைகள்: இல்லை, கண்டிப்பு: இல்லை. மொத்தமே அரை நிமிஷம்தான். எந்தக் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கி உள்ளே நுழையவும் வேண்டியதில்லை.

அதே கேள்விக்கு இங்கே பதில் தேடி நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன். பதிவு பெற்ற டாக்டரா என்பது தெரிந்தது. அவர்மீது எப்போதாவது புகார் நிரூபணமாகியிருக்கிறதா, பல் டாக்டர்களைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சில் எச்சரித்திருக்கிறதா, வேறு மாநிலத்தில் பெயரை எடுத்திருக்கிறார்களா என்பதைப் பார்க்க ஒரே இடம் என்று எதுவும் இல்லை. அந்த இரண்டு நாளில் படித்ததும் அப்புறம் தேடியதும்தான் இந்தக் கட்டுரை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பல் மருத்துவத்தை இத்தனை காலம் ஆண்டது 1948-ன் பல் மருத்துவர்கள் சட்டம். அதன் இடத்தில் வருவதற்காக 2023-ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒழுக்கநெறிக்கும் பதிவுக்கும் என்று தனி வாரியம் உண்டு. நாடு முழுமைக்குமான பதிவேட்டை இணையத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டியது அந்த வாரியத்தின் பொறுப்பு. இந்தியாவில் பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அந்தப் பதிவேட்டில் பெயர், முகவரி, படிப்பு மட்டும் இருக்கப் போகிறதா, அல்லது தண்டனையும் சேர்ந்து தெரியப் போகிறதா? நாம் எடுக்க வேண்டிய முடிவு அதுதான். மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

மூன்று ஊர்களில் நடந்தது

முதலில் நம் ஊர். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களில் 8 பேர் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று மூளையைத் தாக்கி இறந்துபோனார்கள். இது 2023-ல் தெரியவந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் சேர்ந்து ஆராய்ந்ததில் காரணம் பிடிபட்டது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படுத்தும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சை வைத்து லேசாக மூடி, அடுத்தவருக்கும் அதே சலைன். பல் வலி என்று போனவர்கள் அவர்கள். காய்ச்சல், தலைவலி, வாய் கோணல் என்று வேறு மருத்துவமனைகளுக்குப் போய் உயிரை விட்டார்கள். இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது 2025-ல், ஆய்வுக் கட்டுரை வெளிவந்த பிறகு.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் டேப்ரூக் என்ற ஊர். அங்கே பல வருஷம் வேலை பார்த்த ஒரு பல் டாக்டர் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் கையுறையை மாற்றாமல், கருவிகளைச் சுத்தம் செய்யாமல் வேலை பார்த்ததை ஒருவர் ரகசியமாகப் படம் பிடித்தார். 2014-ல் அந்த டாக்டருக்கு இடைக்காலத் தடை. அதே வருஷம் நவம்பரில் 22,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னது தேசியச் சுகாதார சேவை. 2016-ல் அவர் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். 2013 மார்ச்சில் ஒரு வாய் அறுவை மருத்துவரிடம் போன சுமார் 7,000 பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று பரவியதை மரபணுப் பரிசோதனை உறுதி செய்தது. பல் சிகிச்சை நடந்த இடத்தில் அப்படிப் பரவியது அமெரிக்காவில் நிரூபணமானது அதுவே முதல் முறை. அவர் தன் உரிமத்தை ஒப்படைத்தார்.

மூன்று இடத்திலும் தவறு ஒரே இனம்தான், சுத்தம் இல்லாத கருவி. வித்தியாசம் அடுத்து வருவதில் இருக்கிறது. டேப்ரூக்காரர் விஷயத்தில் இடைக்காலத் தடை விழுந்த உடனே பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அது ஏறியது. டல்சாவில் மாநில வாரியத்தின் புகார் ஆவணத்தைப் பத்திரிகைகள் வரி வரியாக எடுத்துப் போட்டன. நம் ஊரில் ஒரு பக்கத்தைத் திறந்து, குறிப்பிட்ட பதிவு எண்ணுக்கு எதிரே கவுன்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வசதி இல்லை. இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இல்லை.

பல் மருத்துவத்தில் இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். பெரிய மருத்துவமனை என்றால் சீனியர், ஜூனியர், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ் என்று பத்துக் கண்கள் பார்க்கும். பல் கிளினிக் பெரும்பாலும் ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர். முதலாளியும் டாக்டரும் ஒரே ஆள். உதவியாளருக்கு அந்த டாக்டர்தான் சம்பளம் கொடுப்பவர். உள்ளே தவறு நடந்தால் வெளியே சொல்ல யாரும் இல்லை. நோயாளியோ வாயைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

அமெரிக்க வழி: பூட்டிய பெட்டியும் ஐம்பது சாவியும்

எங்கள் சித்தி மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே பல் மருத்துவ வாரியம் மாநிலத்தின் நுகர்வோர் விவகாரத் துறைக்குக் கீழே வருகிறது. உரிம எண்ணைத் தட்டினால் அந்த உரிமத்தின் நிலை தெரியும். நடவடிக்கை இருந்தால் குற்றச்சாட்டு ஆவணமும் தீர்ப்பும் முழுதாக அப்படியே கிடைக்கும். எந்த நோயாளிக்கு எந்தப் பல்லில் என்ன செய்தார், ஏன் தவறு என்பது வரை (நோயாளி பெயர் இல்லாமல்) படிக்கலாம். ஆவணத்தைப் படிக்கும் திருப்தி வேறு எதிலும் இல்லை. "ஒழுங்கு நடவடிக்கை உண்டு" என்ற ஒரு வரி பயத்தைத்தான் கிளப்பும். கட்டணம் கட்ட மறந்ததற்கான அபராதமா, போதையில் பல் பிடுங்கியதற்கான தண்டனையா என்பது முழு உத்தரவைப் படித்தால்தான் விளங்கும்.

ஆனால் அது கலிஃபோர்னியா. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வாரியம், தனி இணையதளம், எதைக் காட்டுவது எதை மறைப்பது என்பதற்குத் தனி விதி. நெவாடாவில் தண்டனை வாங்கியவர் டெக்சாஸில் கிளினிக் வைத்தால் பாவம், நோயாளி இரண்டு இடத்திலும் தேட வேண்டும். அதற்கு முன்னால், அவர் நெவாடாவில் இருந்தார் என்பதே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் போட்டு தேசிய மருத்துவர் தரவு வங்கியை உருவாக்கியது. 1990 செப்டம்பரில் அது திறந்தது. வாரியங்களின் தண்டனைகளும் சிகிச்சைத் தவறுக்காகக் கொடுத்த நஷ்டஈடுகளும் எந்த மாநிலமானாலும் அங்கே போய்ச் சேர வேண்டும். பல் மருத்துவர்களும் அதில் அடக்கம். யோசனை அருமை. ஆனால் பொதுமக்களுக்கு அதைத் திறந்து பார்க்க அனுமதி இல்லை. மருத்துவமனைகள், வாரியங்கள் போன்றவைதான் பார்க்கலாம். ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பெயர் நீக்கிய தரவு கொடுப்பார்கள். டாக்டர் தன்னைப் பற்றித் தானே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைகள் ஒரு டாக்டரைச் சேர்க்கும்போதும் அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் இந்த வங்கியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சரி, ஒற்றை நாற்காலி பல் கிளினிக்கை யார் பார்ப்பது? அங்கே வேலைக்குச் சேர்ப்பவரும் சேர்பவரும் ஒருவரே. ஆக, மருத்துவமனைகளுக்கென்று யோசித்துச் செய்த ஏற்பாடு பல் மருத்துவத்துக்கு வரும்போது பாதி பயன்தான் தருகிறது. இந்தியா எதை நகலெடுத்தாலும் இந்த மூடிய வங்கியை மட்டும் நகலெடுக்கக் கூடாது. விவரம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது, நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்கு மட்டும் அதைக் காட்டுவதில்லை.

பிரிட்டன் வழி: ஒரே கவுன்சில், திறந்த விசாரணை

பிரிட்டனில் எல்லாம் ஒரே இடம், பொதுப் பல் மருத்துவக் கவுன்சில். இப்போது அதற்கு ஆதாரமாக இருப்பது 1984-ன் சட்டம். டாக்டர் மட்டுமில்லாமல் பல் நர்ஸ், பல்லைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட், பல் செய்யும் டெக்னீஷியன் என்று பல் மருத்துவத்தில் வேலை பார்க்கும் எல்லாரும் அதே கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பதிவு இருக்கிற நர்ஸுக்குத் தவறைக் கண்டால் சொல்ல வேண்டிய கடமையும் இருக்கிறது. நம் 1948 சட்டத்தில் டாக்டர், ஹைஜீனிஸ்ட், பல் மெக்கானிக் மூவருக்குத்தான் பதிவு. நாற்காலிக்குப் பக்கத்தில் சலைன் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு எந்தப் பதிவும் கிடையாது, தவறைச் சொன்னால் பாதுகாப்பும் கிடையாது.

தண்டனைகள் படிப்படியாக இருக்கின்றன. கண்டிப்பு, நிபந்தனையோடு வேலை, 12 மாதம் வரை இடைநீக்கம், கடைசியாகப் பெயர் நீக்கம். நீக்கப்பட்டவர் ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பச் சேர விண்ணப்பிக்க முடியும். விசாரணைகள் பொதுவாகத் திறந்த அரங்கில் நடக்கும், டாக்டரின் உடல்நலம் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் மூடிய அறையில். நிபந்தனைகளைப் பதிவேட்டிலேயே படிக்கலாம்: இன்ன சிகிச்சையைத் தனியாகச் செய்யக் கூடாது, இன்னாருடைய மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு. இன்ன வேலையை இவரிடம் செய்துகொள்ளலாம், இன்னதை வேண்டாம் என்று நோயாளியே முடிவெடுக்க அது உதவும்.

இதிலும் குறை உண்டு. தண்டனைக் காலம் முடிந்துவிட்டால் பக்கம் பழையபடி சுத்தமாகிவிடும். ஒரு வருஷம் இடைநீக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவரையும் எந்தக் குறையும் இல்லாதவரையும் பதிவேடு ஒரே மாதிரி காட்டும். இன்னொன்று, விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது என்பது அங்குள்ள பல் டாக்டர்களின் நீண்டகாலக் குமுறல். லண்டனில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழியின் கணவர் பல் டாக்டர். ஒரு புகார்க் கடிதம் வந்து அது தள்ளுபடி ஆகும்வரை அவர் தூங்கவே இல்லை என்றாள். தவறு செய்யாதவரையும் இந்த ஏற்பாடு வதைக்க முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலிய வழி

தம்பி காட்டியது இதைத்தான். முன்பு அங்கேயும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வாரியம், தனிப் பதிவேடு. இப்போது நம்மிடம் இருப்பதைப் போலவே. 2010 ஜூலை முதல் தேதி எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று பல தொழில்களுக்கும் ஒரே அமைப்பு, ஒரே தேடல் பக்கம். அதை எல்லாரும் ஆப்ரா என்பார்கள். ஒழுங்குமுறைகளைத் தீர்மானிப்பது அதனுடன் சேர்ந்து இயங்கும் ஆஸ்திரேலியப் பல் மருத்துவ வாரியம்.

இங்கே கவனிக்க வேண்டியது, புகாரை எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி விசாரிப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் மாநிலத்தின் சொந்தப் பல் மருத்துவக் கவுன்சிலும் சுகாதாரப் புகார் ஆணையமும் விசாரிக்கின்றன. ஆனாலும் முடிவு வந்து ஏறும் பதிவேடு ஒன்றுதான். "மாநில உரிமை என்ன ஆவது?" என்று நம் ஊரில் கேட்பவர்களுக்கு இதுவே பதில். விசாரணையைச் சென்னையில் தமிழ்நாட்டுக் கவுன்சிலே நடத்தட்டும். முடிவு மட்டும் கௌஹாத்தியில் இருப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

பதிவு ரத்தானவர்களுக்குத் தனிப் பட்டியல் இருப்பது இன்னொரு நல்ல விஷயம். யோசித்துப் பாருங்கள், பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் தேடுகிறவருக்கு "இப்படி ஒருவர் இல்லை" என்றுதான் வரும். எழுத்துப் பிழையாக இருக்குமோ, புதுப்பிக்க மறந்திருப்பாரோ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். நீக்கப்பட்டவர் என்று தனியாக எழுதி வைத்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பாலியல் முறைகேடு நிரூபணமானவர்களின் விவரம் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்படி 2025-ல் சட்டத்தையும் திருத்தியிருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது

1948 சட்டத்தின் 41-வது பிரிவு மாநிலக் கவுன்சிலுக்குப் பெயரை நீக்கும் அதிகாரம் கொடுக்கிறது. தொழில் நடத்தையில் இழிவான செயல் செய்தவர் என்று விசாரணையில் தெரிந்தால் நீக்கலாம், நிரந்தரமாகவோ குறிப்பிட்ட வருஷங்களுக்கோ. முன்னதாக அவர் தரப்பைக் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட டாக்டர் 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு 3 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அந்த மூன்று மாதமும் கிளினிக் திறந்திருக்கலாம், நானும் என் அப்பாவும் அங்கே போய் உட்காரலாம்.

அதைவிட முக்கியமான ஒரு சொல் அந்தப் பிரிவில் இருக்கிறது. நீக்கப்பட்டவர் மீண்டும் பதிவு பெற முடியாது என்று உத்தரவிடலாம், ஆனால் "அந்த மாநிலத்தில்". ஓசூரில் பெயர் நீக்கப்பட்டவர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் அவர் வேறு கவுன்சிலின் ஆள். இரண்டு கவுன்சில்களும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டால்தான் தெரியும். சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்களில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம்.

இப்போதைக்கு ஒரு சாதாரண நோயாளி என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பதிவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்று பல் மருத்துவர்களுக்கான 2014 நடத்தை விதிகள் சொல்கின்றன. நான் பார்த்த நான்கு கிளினிக்குகளில் ஒன்றில் மட்டும் ரிசப்ஷனிலேயே பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் மீன்தொட்டிக்குப் பின்னால் ஃபிரேம் போட்ட சான்றிதழ், எட்டிப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. எண் கிடைத்தால் கவுன்சிலில் சரிபார்க்கலாம். போலி டாக்டரைக் கண்டுபிடிக்க இது போதும். தவறு செய்த நிஜ டாக்டரைக் கண்டுபிடிக்க இது உதவாது. தமிழ்நாட்டில் 1997-ன் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குக்கும் தனியாகப் பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள். பணம் கட்டிச் சிகிச்சை எடுப்பவர் நுகர்வோர்தான் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பல் சிகிச்சைத் தவறுகள் பலவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகின்றன. கவுன்சிலுக்குப் போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் அங்கே போனால் பணம் திரும்பாது. தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கும், டாக்டர் பெயரையோ கிளினிக் பெயரையோ போட்டுத் தேடலாம். இன்றைய நிலையில் ஒரு டாக்டரின் கடந்த காலத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது இதுதான் என்பது என் அனுபவம். ஆனால் பெயர் எழுத்து ஒன்று மாறினாலும் வராது. சமரசமாகப் போன வழக்கில் ஒன்றும் இருக்காது. அப்புறம், நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பு பதிவேட்டுப் பக்கம் தானாகப் போய்ச் சேர்வதும் இல்லை.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். மாநிலக் கவுன்சில் சட்டத்தால் உண்டான அமைப்பு என்பதால் கேட்கலாம். ஆனால் "தனிநபர் தகவல்" என்று சொல்லி மறுக்க 8(1)(ஒ) என்று தமிழில் எழுதப்படும் அந்த உட்பிரிவு கையில் தயாராக இருக்கிறது. ஓர் ஊழியருக்குக் கொடுத்த மெமோக்களும் தண்டனைகளும் அவருடைய சொந்த விவரம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். ஒரு டாக்டரைப் பற்றி மட்டும் கேட்டால் மறுக்க எளிது. "கடந்த ஐந்து ஆண்டுகளில் 41-வது பிரிவின்கீழ் போட்ட உத்தரவுகளின் நகல்" என்று கேட்டால் மறுப்பது கொஞ்சம் கடினம். நாளைக்கே பல் பிடுங்க வேண்டியவருக்கு இந்த வழி உதவாது. பத்திரிகையாளர்களும் நுகர்வோர் சங்கங்களும் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது.

கூகுள் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏசி நன்றாக இருந்ததா, காக்க வைத்தார்களா என்பது அதில் தெரியும். கருவியைக் கொதிநீராவியில் வைத்தார்களா என்பது எந்த நோயாளியின் கண்ணுக்கும் படாது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

எலும்புக்கூடு ஆஸ்திரேலியாவுடையதாக இருக்கட்டும். விசாரணை மாநிலத்தில், பதிவேடு நாடு முழுமைக்கும் ஒன்று, டாக்டருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண். பெயர் நீக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல். நம் நாட்டுக்கு இதுதான் பொருந்தும். 1948-ன் "அந்த மாநிலத்தில்" என்ற ஓட்டையை அடைப்பதும் இது ஒன்றுதான்.

அதில் பிரிட்டனிலிருந்து இரண்டு சேர வேண்டும். ஒன்று, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலத் தடை போட்டு அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றுவது. மற்றது, உதவியாளர்களுக்கும் பதிவு. கலிஃபோர்னியாவிலிருந்து முழு உத்தரவையும் படிக்கக் கொடுக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், நோயாளி பெயரை மறைத்து. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, உத்தரவின் சாரம் நாலு வரி மாநில மொழியிலும் வேண்டும். வாணியம்பாடிச் சந்தையில் பூக்கட்டும் அம்மாவுக்கும் அது புரிய வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் கலிஃபோர்னியாவைப் பின்பற்ற மாட்டேன். அங்கே முறையான குற்றச்சாட்டு பதிவானதுமே அது எல்லார் கண்ணிலும் படும், தீர்ப்பு வருவதற்கு முன்பே. நம் ஊரில் போட்டிக் கிளினிக்காரர் எதிர்க்கடையைக் கவிழ்க்க ஒரு புகார் எழுதிப் போடுவது கஷ்டமான காரியம் இல்லை. விசாரணை இரண்டு மூன்று வருஷம் இழுத்தால் அந்த இளம் டாக்டர் கடையைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கள் தெருவிலேயே வங்கிக் கடன் வாங்கி நாற்காலி போட்ட பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். இதைப் பற்றிப் பேசியபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "தண்டனையைக் காட்டுங்க, வேண்டாங்கல. என் மேல வந்த புகார் பொய்னு ஆனா, அதையும் காட்டுவாங்களா?" தண்டனை மட்டும் தெரியட்டும், வெறும் புகார் தெரிய வேண்டாம் என்பதே என் பதில். இடைக்காலத் தடை மட்டும் விதிவிலக்கு. அது வாரியம் ஆதாரத்தைப் பார்த்துப் போட்ட உத்தரவு.

எத்தனை காலம் தெரிய வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. விளம்பர விதியை மீறியது, ரசீதில் எண் போடாதது போன்றவற்றுக்கான எச்சரிக்கை மூன்று வருஷத்தில் மறையலாம். இடைநீக்கம் பத்து வருஷமாவது நிற்க வேண்டும். பெயர் நீக்கமும் பாலியல் குற்றமும் மறையவே கூடாது, திரும்பச் சேர்த்துக்கொண்டாலும் சரி.

புதிய சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்கப்படும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். பல் மருத்துவர் சங்கங்கள் நிச்சயம் எழுதுவார்கள், அவர்களுக்கு அதில் பழக்கம் இருக்கிறது. நோயாளிகள் தரப்பில் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. "நீக்கப்பட்டவர் பட்டியல் தனியாக வேண்டும், உத்தரவின் நகல் வேண்டும்" என்ற இரண்டு கோரிக்கை இருந்தால் போதும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரிசப்ஷனிலேயே பதிவு எண் வைத்திருந்த கிளினிக்குக்குத்தான் போனோம். எண் சரியாக இருந்தது, நுகர்வோர் தீர்ப்புகளில் அவர் பெயர் வரவில்லை. அதற்கு மேல் என்னால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதனால் டாக்டரிடமே கேட்டேன், கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. சீல் வைத்த பை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கொதிநீராவியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவின் சூட்டில் நிறம் மாறிக் கறுத்திருந்த கோடுகளைக் காட்டினார். பையை அப்பா முன்னாலேயே கிழித்தார். பிறகு புது சலைன் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடி உடையாமல் இருப்பதைக் காட்டிவிட்டு, "ஐயா, பார்த்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியையும் ஒரு முறை படித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.